‘பதிலுக்கு என்ன கேட்பீர்கள்?’: மருத்துவமனை வாசலில் விசுவாசத்தைப் பகிர்ந்த அனுபவம்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் உள்நோயாளிகளுக்குத் துணையாக வந்து தங்குவோருக்காக எங்கள் சேகரத்தைச் (சில சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) சேர்ந்த சிலர் செய்துவரும் ஒரு சிறிய பணியில், ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் நானும் இணைந்தேன். வெந்நீரும் கஞ்சியும் கொடுப்பது, ரத்தம் தேவைப்படுவோருக்குக் கொடையாளர்களைத் தேடித் தருவது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று விளக்கி விண்ணப்பத்தை நிரப்பித் தருவது, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்களுக்கு விடியும்வரை பேச்சுத்துணையாக இருப்பது ஆகியவையே அந்தப் பணி. இத்தனை காலத்தில் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, இயேசு யார் என்பதோ பைபிளில் என்ன இருக்கிறது என்பதோ அன்று. “இம்புட்டும் செய்யுதியளே, பதிலுக்கு எங்ககிட்ட என்ன கேப்பிய?” என்பதுதான் அது.

சிலர் இதைச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சிலர் கஞ்சியைக் கையில் வாங்காமலே கேட்பார்கள். கிறிஸ்தவர்கள் அன்போடு தங்கள் விசுவாசத்தைப் பகிரும்போது மக்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான்: அவர்கள் முதலில் அந்த அன்பைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அது இலவசமா, தூண்டிலில் கோத்ததா என்று தெரிந்துகொள்ளும்வரை, நாம் சொல்லும் வேறு எதுவும் அவர்கள் காதில் ஏறுவதில்லை. அப்படிச் சோதிப்பது அவர்களுடைய உரிமை என்றும், அதற்கு நாம் கோபப்படுவது தவறு என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தச் சந்தேகத்துக்கு எங்கள் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. தாது வருடப் பஞ்சம் என்று முன்னோர் சொல்லும் 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தில் மிஷனெரிகள் நிவாரணம் வழங்கினார்கள். அதே காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். அவர்களில் பலருடைய வழித்தோன்றல்கள் இன்றும் அதே விசுவாசத்தில் நிலைத்திருக்கிறார்கள் என்பதால், அவர்கள் சோற்றுக்காக மட்டுமே வந்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஆனாலும் “சோத்துக்கு மாறினவங்க” என்ற ஏச்சு நிலைத்துவிட்டது. பின்னர் வெளிநாட்டு நிவாரணப் பொருள்கள் வந்த காலத்தில் அதுவே “கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மாறினவங்க” என்று உருமாறியது. எங்களிடம் கஞ்சி வாங்கும் ஒருவர் தயங்கும்போது, தன்னையும் நாளை ஊரார் அப்படிச் சொல்வார்களோ என்ற அச்சம் அந்தத் தயக்கத்தில் இருக்கிறது. அந்த அச்சத்தை நீக்கும் பொறுப்பு கொடுக்கிறவர்களுடையது.

ஆகவே எங்கள் குழுவில் ஓர் ஒழுங்கு உண்டு: உணவு கொடுக்கும் வேளையில் கைப்பிரதி கொடுப்பதில்லை. கஞ்சிப் பாத்திரத்தின் அருகில் வசன அட்டைகளையும் வைப்பதில்லை. நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் என்பதை ஒருபோதும் மறைப்பதில்லை. கேட்டால் எந்தச் சேகரம், எந்தக் கோயில் என்பது வரை சொல்லிவிடுகிறோம். ஆனால் பசியோடு வரிசையில் நிற்கும் ஒருவர் கையில் ஒரு காகிதத்தைத் திணித்தால், அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் நற்செய்தி சொல்வதை நான் சாட்சி என்று கருதுவதில்லை. மயக்க மருந்தின் தாக்கத்தில் இருக்கும் நோயாளியிடமும், பெற்றோர் அருகில் இல்லாத பிள்ளைகளிடமும் நாங்கள் மதம் பேசாததற்குக் காரணமும் இதுவே. இந்த ஒழுங்கை ஆரம்பத்தில் எங்கள் சபையிலேயே சிலர் கோழைத்தனம் என்றார்கள். நம்மில் இருக்கும் நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு எழுதியதை எங்கள் குருவானவர் அவர்களுக்கு எடுத்துக் காட்டினார். அங்கே முதலில் விசாரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். நாம் பதில் சொல்கிறவர்கள்.

அப்படி விசாரித்தவர்களில் என்னால் மறக்கவே முடியாதவர் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேரனோடு வந்திருந்த ஒரு பாட்டியம்மா. பையனுக்குக் காய்ச்சல் முற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். பையன் பிழைத்தால் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்குத் தசராவில் வேடம் போட்டு வருவதாக நேர்ந்திருப்பதாக அவர் சொன்னார். அந்த நேர்ச்சை எப்படி நிறைவேற்றப்படுகிறது என்று நான் விவரம் கேட்டேன். கேட்டதற்கு வேறு நோக்கம் எதுவும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் காளியும் குறத்தியும் அனுமானுமாக வேடமிட்டவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பேருந்து சன்னலிலிருந்து மட்டுமே பார்த்த எனக்கு, அதைப் பற்றி ஒருவர் வாயால் கேட்கக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. மாலை போடுவது, விரதம் இருப்பது, காப்புக் கட்டுவது, வேடத்தோடு வீடு வீடாகக் காணிக்கை பெறுவது, அந்தக் காணிக்கையைக் கொண்டுபோய் அம்மன் உண்டியலில் சேர்ப்பது என்று அவர் வெகுநேரம் விளக்கினார். வசதியானவர்களும் அப்படிக் கையேந்தித்தான் ஆகவேண்டும், அதில் மனிதனுடைய அகந்தை கரைகிறது என்று அவர் சொன்னதை நான் இன்றும் மதிக்கிறேன்.

எல்லாம் சொல்லி முடித்தபின் அவராகவே கேட்டார்: “உங்க சாமிக்கு என்ன நேர்ச்சை, டீச்சரம்மா?” இவ்வளவு நேராக, இவ்வளவு கனிவாக நற்செய்திக்குக் கதவைத் திறந்த கேள்வியை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. நாங்கள் கொடுப்பதற்கு முன்பே இயேசு தம்மைக் கொடுத்துவிட்டார் என்று நம்புகிறோம், அதனால் அவர் தயவைப் பெற நாங்கள் ஏதும் கொடுக்க வேண்டியதில்லை, பெற்றுக்கொண்ட நன்றியினால்தான் பிறருக்குச் செய்கிறோம் என்று அவருக்கு விளங்கும் சொற்களில் சிலுவையைப் பற்றிச் சொன்னேன். அவர் நன்றாக யோசித்தார். பிறகு, “ஒண்ணுமே கேக்காத சாமிய எப்பிடிம்மா நம்புறது? கேட்டாத்தான நமக்கும் ஒரு பிடிமானம்?” என்றார்.

அதற்கு என்னிடம் ஆயத்தமான பதில் இல்லை. அவசரமாக ஒரு பதிலைச் சொல்லவும் இல்லை. கொடுத்தால்தான் உறவு நிலைக்கும் என்பது அவருடைய வாழ்நாள் அனுபவம். மொய் எழுதுவதிலும் சீர் செய்வதிலும் நம் வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் நடக்கிறது. ஒன்றும் திருப்பிக் கேட்காத அன்பு அவருக்கு நற்செய்தியாகத் தோன்றுவதற்கு முன், கவலையாகத் தோன்றியது. இது முரட்டுத்தனமான மறுப்பு அன்று. நாம் சொல்வதை முழுமையாகக் கேட்டுப் புரிந்துகொண்ட ஒருவரின் எதிர்வினை. கிருபையைப் பற்றி ஆண்டுக்கணக்காகப் பிரசங்கம் கேட்ட எனக்கே, அது எவ்வளவு அந்நியமான செய்தி என்பது அவர் கேள்வியால்தான் உறைத்தது. “நீங்க கேக்குறது நல்ல கேள்வி, நானும் யோசிக்கிறேன்” என்று மட்டும் சொன்னேன். பையன் பிழைத்தான். அவர் நேர்ந்துகொண்டபடியே குலசைக்குப் போனார் என்று பின்னர் தொலைபேசியில் சொன்னார். எங்களுக்கு ஒன்றும் தராமல் போகிறோமே என்று மனம் கேட்கவில்லை என்றும் சொன்னார். வேடம் நல்லபடியாக அமைந்ததா என்று விசாரித்தேன். இப்போதும் பேசிக்கொள்கிறோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் விசுவாசத்தைக் கேட்டவர் தம்முடையதை நமக்குத் தர விரும்புவது மிகச் சாதாரணமான எதிர்வினை. ஆலங்குளத்துக்காரர் ஒருவர், தம் மனைவிக்கு நாங்கள் ரத்தக் கொடையாளரைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக, திருச்செந்தூரிலிருந்து இலை விபூதி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, “நான் பூசிக்கொள்ள மாட்டேன் அண்ணாச்சி, ஆனால் நீங்க எனக்காக அங்க வேண்டிக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி” என்றேன். அவர் முகம் வாடவில்லை. வாங்க மறுத்திருந்தாலும், வாங்கிக்கொண்டு அவர் போனபின் எறிந்திருந்தாலும் அவருடைய அன்பை அவமதித்ததாகியிருக்கும். பூசியிருந்தால் என் மனச்சாட்சிக்குப் பொய்யாகியிருக்கும். அந்த இலையை எங்கள் பக்கத்து வீட்டு முருக பக்தரிடம் விவரம் சொல்லிக் கொடுத்துவிட்டேன். கிறிஸ்தவர்கள் எல்லாரும் இதை ஒரே விதமாகப் பார்க்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கொடுக்க மட்டுமே தெரிந்து, வாங்கத் தெரியாதவர்களின் அன்பு மற்றவர்களைச் சிறுமைப்படுத்துகிறது என்பது மட்டும் என் துணிபு.

“எல்லாச் சாமியும் ஒண்ணுதான்” என்பது அடுத்ததாக நாங்கள் அடிக்கடி கேட்கும் பதில். இதைக் கேட்டவுடன் வாதாடத் தொடங்கும் கிறிஸ்தவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்தச் சொல் ஒரு மரியாதை. இதோடு நிறுத்திக்கொள்வோம் என்ற நாசூக்கான வேலியும்கூட. வேலியை மதித்துப் பேச்சை மாற்றினால், அவரே பிறகு ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து பேசுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஜெபத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அன்பும் ஆபத்தும் மிக நெருங்கி நிற்கும் இடம் அதுதான். வெளியூர்க் கிறிஸ்தவர்கள் வியக்கும் அளவுக்கு எங்கள் பகுதியில் இந்துக்கள் ஜெபத்தை விரும்பிக் கேட்கிறார்கள். வேளாங்கண்ணிக்கும் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் நடந்துபோய் மொட்டை போடும் மக்கள் அவர்கள். நோய் வந்த வீட்டில் எந்தத் தெய்வத்தின் பெயரால் ஒருவர் வேண்டினாலும் அதை நன்மையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே நாங்கள் எப்போதும் முதலில், “உங்களுக்காக ஜெபிக்கட்டுமா? இயேசுவின் நாமத்தில்தான் ஜெபிப்பேன், வேண்டாம் என்றால் வருத்தமே இல்லை” என்று கேட்கிறோம். சம்மதித்தால் பக்கத்துப் படுக்கைக்குக் கேட்காத குரலில், சில வாக்கியங்களில், நோயாளியின் பெயரையும் அவர் கேட்டுக்கொண்ட காரியத்தையும் சொல்லி முடித்துவிடுகிறோம். வார்டு முழுவதும் அதிரும்படி ஜெபிப்பது மற்ற நோயாளிகளின் அமைதியைக் கெடுப்பதோடு, சம்மதிக்காதவர்களையும் அந்த ஜெபத்துக்குள் இழுத்துவிடுகிறது. செவிலியர் வேலையாக இருக்கும்போதும் மருத்துவர் வரும் நேரத்திலும் ஜெபிப்பதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்வதோ, சுகமாகிவிடும் என்று வாக்குக் கொடுப்பதோ எங்கள் குழுவில் அறவே கூடாது.

வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இறையியல் காரணங்கள் பல இருக்கலாம். எனக்கு அதைக் கற்பித்தது ஒரு மரணம். நாற்பது வயதைத் தாண்டாத ஒரு பெண், கல்லீரல் செயலிழந்திருந்தது. அவர் கணவர் தினமும் எங்களிடம் வந்து ஜெபம் கேட்பார், நாங்களும் செய்தோம். அந்தப் பெண் இறந்த அன்று, ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தபோது அவர் என்னைப் பார்த்து, “உங்க சாமியும் கைவிட்டுட்டாரே டீச்சர்” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. என்னையும் தம் துக்கத்தில் சேர்த்துக்கொண்டவர் போலத்தான் சொன்னார். கடவுளுக்காக வழக்காடும் எண்ணம் எனக்கு எழவில்லை. அவருடன் நானும் அழுதேன். ஊருக்குப் போகும் வண்டிக்கு ஏற்பாடு செய்வதிலும், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு யார் தகவல் சொல்வது என்று பேசுவதிலும் அந்தப் பொழுது போயிற்று.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு எங்களில் இருவர் அவருடைய ஊருக்குப் போனோம். அங்கே நடந்த சடங்குகளில் நாங்கள் பங்கெடுக்கவில்லை. திண்ணையில் மற்ற உறவினர்களோடு அமர்ந்திருந்துவிட்டுச் சாப்பிட்டு வந்தோம். அங்கிருந்த பெரியவர் ஒருவர், சுகமாகியிருந்தால் சாட்சி சொல்ல வரச் சொல்லியிருப்பீர்கள், செத்த வீட்டுக்கும் வந்திருக்கிறீர்களே என்றார். அந்த வார்த்தை என்னை மிகவும் வேதனைப்படுத்தியது. அதே அளவுக்கு உதவியும் செய்தது. கிறிஸ்தவர்கள் அற்புதத்துக்குப் பின்னால் நிற்பார்கள், அற்புதம் நடக்காத வீட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அவர் தம் வாழ்நாளில் எங்கோ கண்டிருக்கிறார். ஜெபம் கேட்டவர்களின் முகவரியைக் குறித்துக்கொள்வதும், மரணம் நேர்ந்தால் கட்டாயம் போய்வருவதும் அன்றிலிருந்து எங்கள் வழக்கமாகிவிட்டன. இந்தப் பணியில் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்று புதிதாக வருவோருக்குச் சொல்லுகிறேன்.

எல்லாரும் இவ்வளவு கனிவாக நடந்துகொள்வதில்லை. ஒருநாள் கல்லூரி வயதுள்ள இளைஞர் ஒருவர் கைபேசியில் எங்களைப் படம் எடுத்துக்கொண்டே, “மதம் மாத்தத்தான வந்திருக்கிய?” என்று உரத்த குரலில் கேட்டார். இத்தகைய வேளையில் பலர் அஞ்சி, “இல்லை தம்பி, சும்மா சமூக சேவை” என்று சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையை மறைப்பது. பின்னர் நாங்கள் யாருக்காவது ஜெபிப்பதை அவர் கண்டால் சந்தேகம் இரட்டிப்பாகும். எங்கள் குழுவின் மூத்தவர் பெயரையும் சேகரத்தையும் சொல்லிவிட்டு, “நாங்கள் கிறிஸ்தவர்கள். இயேசுவை எல்லாரும் அறிய வேண்டும் என்று ஆசைப்படுகிறோம், அதை மறைக்க மாட்டோம். ஆனால் இந்தக் கஞ்சி அதற்கு விலை இல்லை. வேண்டாம் என்று சொன்னவருக்கும் நாளைக்குக் கஞ்சி உண்டு” என்றார். அந்த இளைஞர் சமாதானமாகவில்லை. அங்கிருந்தவர்களிடம் எங்களிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சிலர் அன்று வாங்காமல் போனதும் உண்மை. அவர் பிறகு மனம் மாறினார் என்று சொல்ல என்னிடம் கதை இல்லை. அவர் தம் உறவினருக்கு விண்ணப்பம் நிரப்ப வந்திருந்தால் அதே கவனத்தோடு நிரப்பிக் கொடுத்திருப்போம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

சட்டத்தையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டு 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வற்புறுத்தலுக்கும் ஆசைகாட்டுதலுக்கும் இடங்கொடாமல் நடப்பது நமக்கு விசுவாசத்தின் பாற்பட்ட கடமை. மருத்துவமனை வளாகத்துக்குள் எந்த இடத்தில் நிற்கலாம், எந்த வார்டுக்குள் போகக் கூடாது என்பதை நிர்வாகத்திடம் கேட்டு அதன்படியே நடக்கிறோம்.

இதுவரை நான் சந்தித்த எதிர்வினைகளில் மிகக் கூர்மையானது சாதியைப் பற்றியது. தாழையூத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தலித் தொழிலாளி, எங்களோடு சில நாள் பழகியபின், “நீங்க சொல்றது எல்லாம் நல்லாருக்கு. உங்க கோயில்ல எங்கள எங்க உக்கார வைப்பிய?” என்று கேட்டார். எங்கள் மாவட்டத்துக் கிறிஸ்தவ வரலாறு தெரிந்த எவரும் இந்தக் கேள்வியின் எதிரில் தலைநிமிர்ந்து நிற்க முடியாது. வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கத்தோலிக்க ஆலயம், இரு சாதியினர் தனித்தனியே அமரும்படி நடுவில் சுவரோடு இரண்டு கைகளாகக் கட்டப்பட்டது. அந்தச் சுவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. எங்கள் சீர்திருத்த சபைகளிலும் சாதி எந்தெந்த வடிவில் இருக்கிறது என்பது சபைத் தேர்தல் காலத்தில் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் சபையில் தனி இடம் கிடையாது, வந்து பாருங்கள் என்று அவரை அசனப் பண்டிகைக்கு அழைத்தேன். ஊரில் உள்ள எல்லா மதத்தாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் உண்ணும் நாள் அது. குடும்பத்தோடு வந்தார், மகிழ்ச்சியாகச் சாப்பிட்டார். விடைபெறும்போது, “கல்லறைத் தோட்டத்துலயும் இதே வரிசைதானா?” என்று கேட்டார். எங்கள் சபைக்கு ஒரே கல்லறைத் தோட்டம்தான் என்று சொல்ல முடிந்ததற்காக நான் கடவுளுக்கு நன்றி செலுத்தினேன். ஆனால் எல்லா ஊர்களிலும் அப்படி இல்லை என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. மருத்துவமனை வாசலில் நாங்கள் காட்டும் கனிவை மக்கள் தனியாக எடைபோடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எப்படி உட்காருகிறோம், எங்கள் பிள்ளைகளுக்கு எங்கே பெண் எடுக்கிறோம் என்பதோடு சேர்த்தே எடைபோடுகிறார்கள்.

மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னும் இப்படித்தான் இருந்தது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்குவும், பின்னர் வந்து சேர்ந்த அவருடைய தோழர் கிரண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, கடிதங்களாகப் பதில் பெற்று, ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள். கிறிஸ்தவ மதத்தை ஏன் ஏற்கத் தயங்குகிறீர்கள் என்பதற்கு வந்த பதில்களில், கிறிஸ்தவர்களின் குடியும் பழக்கவழக்கங்களும் பெரிதாக இடம்பெறுகின்றன. நம்மைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு, கசப்பானதையும் மறைக்காமல் எழுதி அனுப்பிய அந்தத் துணிவு இன்றைய ஊழியக்காரர்களுக்கும் வேண்டும்.

உண்மையாகவே கிறிஸ்துவைப் பின்பற்ற விரும்பி வருவோரும் உண்டு; ஆனால் குறைவு. அவர்களை நாங்கள் அவசரப்படுத்துவதில்லை. முதலில் வீட்டாரிடம் மறைக்காமல் பேசச் சொல்கிறோம். பட்டியல் சாதியைச் சேர்ந்தவரானால், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானபின் பட்டியல் சாதிக்குரிய இடஒதுக்கீடு கிடைக்காது, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் சேர்க்கப்படுவார் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளின் படிப்பும் வேலையும் அதைச் சார்ந்திருக்கும்போது, ஞானஸ்நானத்துக்குப் பிறகு அது தெரியவந்தால் நாம் ஏமாற்றியவர்களாகிவிடுவோம். சொல்லிவிட்டால் சிலர் பின்வாங்குகிறார்கள். அவர்களோடு உறவு முன்போலவே தொடர்கிறது.

காலம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பதற்கு எங்கள் ஊர்ப் பக்கமே சான்று இருக்கிறது. 1827-இல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, சாயர்புரத்தில் மிஷன் பள்ளிக்குத் தமிழாசிரியராகச் சென்று, கிறிஸ்தவர்களோடு பழகியும் அவர்கள் நம்பிக்கையை ஏற்காமல் ஆண்டுகள் பல கழித்தபின், 1858-இல்தான் ஞானஸ்நானம் பெற்றார். அவரை எவரும் வாதத்தில் வீழ்த்திக் கொண்டுவரவில்லை என்றே நான் வாசித்தறிந்தவரையில் எண்ணுகிறேன். அவர் வரும்போது கம்பனைக் கைவிட்டு வரவும் இல்லை. அந்தத் தமிழிலேயே கிறிஸ்தவக் காப்பியம் பாடினார்.

இன்னொரு செய்தி, ஊழியத்தில் இருப்போருக்காகச் சொல்கிறேன். மருத்துவமனையில் சந்தித்தவர்களின் கதைகளை அவர்கள் அனுமதியின்றி ஆலயத்தில் சாட்சியாகச் சொல்லவோ, புகைப்படத்தோடு பத்திரிகையில் போடவோ கூடாது. ஒருவர் தம் வாழ்க்கையின் மிகத் தாழ்ந்த நாளில் நம்மிடம் அழுததை, நம் ஊழியத்தின் பலனாகக் காட்டுவது அவரைப் பயன்படுத்திக்கொள்வதாகும். இங்கே நான் எழுதியவற்றிலும் அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியே சொல்லியிருக்கிறேன்.

இப்போது எங்கள் குழுவில் முன்னீர்பள்ளத்திலிருந்து ஒரு பெண் வருகிறார். தகப்பனார் இங்கே சிகிச்சை பெற்றபோது அறிமுகமானவர். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் இசக்கியம்மன் கோயிலுக்குப் போவதில் அவரிடம் எந்த மாற்றமும் இல்லை. விண்ணப்ப வேலையில் எங்கள் எல்லாரையும்விடத் திறமைசாலி என்பதால் சனிக்கிழமைதோறும் வந்து உதவுகிறார். அவர் எப்போது ஞானஸ்நானம் எடுப்பார் என்று சபையில் சிலர் கேட்டது அவர் காதுக்கு எட்டிவிட்டது. “நான் மாறணும்னு கணக்கு வச்சிருந்தா இப்பவே சொல்லிருங்க டீச்சர், நான் நின்னுக்கிடுதேன்” என்றார். நீங்கள் இயேசுவை அறிந்தால் எனக்கு மிகுந்த சந்தோஷம், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன், ஆனால் உங்கள் பேரில் எந்தக் கணக்கும் இங்கே எழுதப்படவில்லை என்றேன். தொடர்ந்து வருகிறார். பணி தொடங்குமுன் நாங்கள் ஜெபிக்கும்போது அவர் மேசையில் படிவங்களை அடுக்கிக்கொண்டிருப்பார். தம் தகப்பனாரின் பெயரையும் ஜெபத்தில் சேர்க்கச் சொல்வார். அண்மையில் எங்களோடு சேர்ந்த இளைஞர்களுக்குக் காப்பீட்டு விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுப்பவர் அவர்தான். நோயாளியிடம் ஜெபத்துக்கு அனுமதி கேட்பது எப்படி என்பதை அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன்.